வெள்ளைக் கோடு

என் கைப்பையில் சீப்பு இருக்காது, கண்ணாடி இருக்காது, காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வளையக் காந்தம், நூலில் கட்டியது. எதைப் பார்த்தாலும் அதை எடுத்து ஒட்டிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையோ செம்போ அலுமினியமோ, அதாவது வீட்டுக்கு நாலு காசு கூட வரும். பஸ் கைப்பிடி, பல் டாக்டர் வீட்டுக் கதவு, பக்கத்து வீட்டு நாயின் சங்கிலி என்று ஒன்றையும் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நல்ல டிரைவர் என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். காந்தம் ஒட்டவில்லை. பித்தளை என்று பூரித்துப்போய்ச் சுரண்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். "இத்தனை வருஷம் வண்டியில ஒரு கீறல் விழாம ஓட்டினேன். கேடயத்துல நீ கீறிட்டியே" என்றார் மனிதர்.

எனக்குக் காலில் சக்கரம் என்று அம்மா சொல்வாள். காலையில் ஒரு பெரிய அலுவலகத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. மதியம் வீட்டுக்கு வந்து, குடியிருப்புக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த கார் ஷெட்டில் உட்கார்ந்து பழைய இரும்பைப் பிரிப்பேன். ஒயரிலிருந்து செம்பு தனி, குழாயிலிருந்து பித்தளை தனி. பித்தளையில் ஒரு இரும்பு ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தால்கூடக் கடையில் மூஞ்சியைச் சுளித்து விலையைக் குறைப்பார்கள். அதனால் சுத்தியலும் கையுமாகவே இருப்பேன்.

அந்த மாதம் எங்களுக்கு யோகம் அடித்தது. அலுவலகத்தில் சுழல் நாற்காலிகளை எல்லாம் மாற்றினார்கள். பழையதை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று மேனேஜர் கும்பிடாத குறையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் வேனில் நாலு நடை அடித்து ஷெட்டை நிரப்பிவிட்டார். நாற்காலியின் நட்சத்திரக் கால் அலுமினியம், இருக்கைக்கு அடியில் இருக்கும் தகடு இரும்பு. நடுவில் ஒரு குழாய் இருக்கும். பிடியை இழுத்தால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். ஹைட்ராலிக் என்பார்கள். அதில்தான் வில்லங்கம். உள்ளே காற்றை அடைத்து மூடியிருப்பார்கள். அப்படியே நெருப்பில் காட்டினால் வெடிக்கும். வெடித்தால் உள்ளே இருக்கும் கம்பி அம்பு மாதிரி வரும். எதிரே இருப்பவன் கதி அவ்வளவுதான்.

அதனால், நாங்கள் சாமான் விற்கும் பழைய இரும்பு யார்டில் ஒரு வழக்கம் உண்டு. மூடிய சாமான் எதுவானாலும் கொடுப்பவரே துளை போட்டுக் காற்றை இறக்கிவிட்டு, அதன்மேல் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். துளை ஊசி நுழைகிற அளவு, கிரீஸ் அப்பிக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. கேஸ் வைத்து வெட்டுகிற கட்டர் அந்த வெள்ளையைத்தான் பார்ப்பான். வெள்ளை இருந்தால் வெட்டுவான், இல்லாவிட்டால் தொடமாட்டான். எங்கள் வீட்டில் துளை போடுவது அவர், வெள்ளை போடுவது நான். சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில் பிரஷை முக்கி ஒரு இழுப்பு இழுப்பேன். பாதி குழாயில், மீதி தரையிலும் என் காலிலும்.

அந்த யார்டில் கட்டர் யார் என்று கேட்டால், என் கூடப் பிறந்த அண்ணன்.

அவனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் நீங்களே சொல்லுங்கள், என் மேல் தப்பா என்று. அவன் மகளுக்குச் சம்பந்தம் பேசுவதற்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எல்லோருமாக ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவன் தான் ஒரு ஸ்டீல் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அளந்து வைத்திருக்கிறான். எனக்கு அது எப்படித் தெரியும்? மாப்பிள்ளையின் அப்பா ஏதோ கேட்க, நான் பெருமையாகச் சொன்னேன்: "எங்கண்ணன் கட்டருங்க. கப்பலையே கொண்டாந்து போட்டாலும் துண்டு துண்டா வெட்டிப் போட்டுருவான்." அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அப்புறம் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது, அந்தப் பெண்ணும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் இவன் மட்டும் "என் வாசப்படி மிதிக்காதே" என்றான். எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா? "நீயா வந்து பேசுற வரைக்கும் நான் பேசினா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, அவன் எதிரிலேயே அவன் நம்பரை என் போனிலிருந்து அழித்தேன். அன்றிலிருந்து எங்கள் சாமானை லோடு வண்டிக்காரர்தான் கொண்டு போவார். அவன் வெட்டுவான். பேச்சு வார்த்தை கிடையாது.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷனோடு ஒத்துவரவில்லை, ஒரே ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சல். செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியாக வரிசையில் வைப்பாள். பிளாஸ்டிக் பையைக்கூட மடித்து அடுக்குவாள். துணி காயப்போட்டால் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். நான் ஒன்றை எடுத்து இன்னொன்றைத் தள்ளிவிட்டு ஓடுகிறவள். எனக்குப் பின்னாலேயே வந்து தள்ளியதை எல்லாம் சத்தமில்லாமல் நிமிர்த்தி வைப்பாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சொன்னாலாவது சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகலாம்.

"அண்ணி, சும்மா உக்காந்து சாப்பிட ஒரு மாதிரியா இருக்கு. எனக்கும் ஏதாவது வேலை குடுங்க" என்றாள். ஷெட்டில் ஒயர் உரிக்க உட்கார வைத்தேன். அவள் உரித்த செம்பு, தலை பின்னின மாதிரி இருந்தது.

நாற்காலிகளைப் பாதி பிரித்த நிலையில் என் வீட்டுக்காரர் வேன் கதவை இழுக்கிறேன் என்று மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். வேனை எப்படியோ ஓட்டினார், டிரில்லைப் பிடிக்க முடியவில்லை. துளை போடும் வேலை நின்றது. போட்டதும் போடாததுமாக ஹைட்ராலிக் எல்லாம் ஒரே மூலையில் கிடந்தது. ஒரு நாள் நான் அவசரமாக வேலைக்குக் கிளம்பும்போது நாத்தனார் கேட்டாள், "அண்ணி, இதுல சிலதுல மட்டும் வெள்ளை இருக்கே, ஏன்?"

"வெள்ளை இருந்தாத்தான் யார்டுல எடுப்பாங்க" என்றேன். பஸ் வந்துவிட்டது, ஓடினேன்.

நான் சொன்னதில் பொய் ஏதாவது இருக்கிறதா?

அடுத்த நாள் மதியம் வேலை முடிந்து வந்து ஷெட் கதவைத் தூக்கினேன். மூலை சுத்தமாக இருந்தது. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்த மாதிரி சுத்தம்.

"எங்க?" என்றேன்.

நாத்தனார் முகமெல்லாம் சிரிப்பு. அவள் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "லோடு வண்டிக்காரர் இந்தப் பக்கமா வந்தாரு அண்ணி. சாமான் இருக்கான்னு கேட்டாரு. எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிட்டேன். நீங்க வந்து கஷ்டப்பட வேணாமேன்னு."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாமே. வெள்ளை இல்லாததுக்கெல்லாம் நேத்து ராத்திரியே நானே பூசி வெச்சுட்டேன்."

"அடிப்பாவி!" என்றேன். என் வாயிலிருந்து வேறு ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது, வண்டி வண்டியாக. வெள்ளை என்றால் என்ன, ஏன் பூசுகிறோம், அதை நம்பி நெருப்பை வைப்பது யார் என்று கத்திக்கொண்டே போனை எடுத்தேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

வண்டிக்காரருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டார், நல்ல மனுஷன், நாசமாய்ப் போக. யார்டு ஆபீசுக்கு அடித்தேன், லைன் பிஸி. என் வீட்டுக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் இருப்பார், போனை அணைத்து வைத்திருப்பார். அண்ணன் நம்பர் என் போனில் இல்லை. ரோஷமாக அழித்தேனே. அதன் முதல் நாலு எண் ஞாபகம் இருந்தது, மீதி எந்த மண்டையில் இருக்கிறது? என் தலையில் நானே ஒரு போடு போட்டுக்கொண்டேன்.

யார்டில் காலையெல்லாம் இறக்குவதும் எடை போடுவதும்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்த பிறகுதான் கட்டிங். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பான். டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் சின்னச் சாமானைத்தான் எடுப்பான். சின்னது என்றால் எங்கள் ஹைட்ராலிக்தான்.

ஓடினேன். பின்னாலேயே நாத்தனாரும் ஓடி வந்தாள். "நீ எங்க வர்றே?" என்றேன். ஓட்டத்தை நிறுத்தவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், அவள் ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு.

பஸ்ஸில் இடம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. டிரைவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன், அங்கிருந்து கதவுக்கு வந்தேன், மறுபடியும் முன்னால் போனேன். ஒவ்வொரு சிக்னலும் எங்களைப் பார்த்துத்தான் சிவப்பாகியது. ஒரு நிறுத்தத்தில் ஒரு அம்மாள் ஏறிக்கொண்டு, சில்லறையைப் பையின் அடியில் தேடுகிறாள், தேடுகிறாள், தேடிக்கொண்டே இருக்கிறாள். "ஏம்மா, கிளம்புறப்பவே எடுத்து வெச்சுக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் நாத்தனார்.

"உக்காரணுமா? உன்னை யாரு பூசச் சொன்னது?"

"நீங்கதான் அண்ணி, வெள்ளை இருந்தாத்தான் எடுப்பாங்கன்னு..." அவள் முடிக்கவில்லை. அவள் விரல் நகத்தின் ஓரத்தில் வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதையே இன்னொரு கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நான் வந்த இடம் விளங்காது அண்ணி" என்றாள் மெதுவாக.

"வாயைக் கழுவு. இப்ப அதெல்லாம் பேசாதே."

அவளைத் திட்டத் திட்ட எனக்குள் ஒன்றும் குறையவில்லை. எனக்கு அண்ணன் வேண்டும். அவ்வளவுதான். அவன் என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும், ஆயுசுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். எங்கேயாவது முழு ஆளாக, கண்ணும் கையும் நன்றாக இருந்துகொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். சின்ன வயதில் நான் பள்ளிக்கூட நோட்டில் போடும் கோடு எல்லாம் கோணலாகப் போகும். ராத்திரி அவன்தான் அழித்துவிட்டு நேராகப் போட்டுத் தருவான், தலையில் ஒரு குட்டும் தருவான். அந்தக் குட்டு ஞாபகம் வந்ததும் அழுகை வந்தது. பஸ்ஸில் நின்றபடியே அழுதேன். சில்லறை அம்மாள் தன் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

யார்டு வாசலில் இறங்கியபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. உள்ளே டங் என்று ஒரு சத்தம். ஓடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். லாரியிலிருந்து தகடு இறக்குகிறார்கள். இரண்டடி வைத்தேன், டமார். பழைய பீரோவை உருட்டுகிறார்கள். இரும்பு யார்டில் எந்தச் சத்தம் வெடிச் சத்தம், எந்தச் சத்தம் பிழைப்புச் சத்தம் என்று எப்படித் தெரியும்? எடை மேடையில் இருந்த ஆள் கையை நீட்டி மறித்தார். "ஹெல்மெட் இல்லாம உள்ள போகக் கூடாதும்மா. யாரைப் பாக்கணும்?"

"கட்டரை. எங்கண்ணன்."

"சூப்பர்வைசர் சாரா?" என்றார்.

இங்கேயுமா? அந்த நிலைமையிலும் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் கைக்கு அடியில் குனிந்து ஓடினேன்.

கடைசிக் கொட்டகையில் அவன் முதுகு தெரிந்தது. குனிந்திருக்கிறான், கையில் நெருப்பு, சுற்றிலும் பொறி. "அண்ணா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு மெஷின் ஓடுகிறது. "அண்ணா, வெட்டாதே!" தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். கைப்பையில் கை போனது, காந்தம்தான் கிடைத்தது. நூலோடு சுழற்றி வீசினேன். அவன் மேல் படவில்லை, நான் எதை நேராகச் செய்திருக்கிறேன்? அவனுக்கு முன்னால் நிறுத்தியிருந்த தகட்டில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவன் மூக்குக்கு நேரே நூல் ஆடியது.

நெருப்பு அணைந்தது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு திரும்பினான். காந்தத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தலை நரைத்துப் போயிருந்தது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா?

"வெட்டாதே. வெள்ளை போட்டதை வெட்டாதே. அதுல துளை போடல. தெரியாம பூசி அனுப்பிட்டாங்க."

அவன் கையைக் காட்டினான். அவன் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய கேட். ஹைட்ராலிக் எல்லாம் தூரத்தில், அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குவியலாக இருந்தது. ஒரு குவியலில் கோணல் வெள்ளை, வழிந்து காய்ந்தது. இன்னொரு குவியலில் அத்தனையிலும் ஒரே அகலத்தில், ஒரே உயரத்தில், மோதிரம் போட்ட மாதிரி நேரான வெள்ளை. அந்தக் குவியலைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தான், யாரும் தொடாமல் இருக்க.

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"யாரு சொல்லணும்? அது உன் கை இல்ல."

"என்ன?"

"உன் கை இல்லன்னேன். நீ பூசினா இப்படியா இருக்கும்? ஒரு கோடு நேரா போடத் தெரியுமா உனக்கு? காலையில வண்டியில வந்து இறங்குனதுமே பாத்துட்டேன். வேற யாரோ பூசியிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "உனக்குத்தான் உடம்புக்கு ஏதோ ஆயிருச்சோன்னு நெனச்சேன். படுத்துட்டியா, ஆஸ்பத்திரியில இருக்கியா, ஒண்ணும் தெரியல. வண்டிக்காரரைக் கேட்டா, யாரோ ஒரு பொண்ணு ஏத்தி விட்டுச்சு, உன்னை வீட்டுல காணோம்னு சொல்றாரு. காலையிலேருந்து எனக்கு ஒரு வேலை ஓடல. சோறு இறங்கல. போன் பண்ணலாம்னா..."

"பண்ண வேண்டியதுதானே?"

"உன் நம்பரை அழிச்சுட்டேன்."

"எப்ப?"

"நீ அழிச்ச அன்னிக்குத்தான். ராத்திரி."

அங்கே உட்கார ஒரு எண்ணெய் டின் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. அவன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறந்தபடி கிடந்தது. உண்மைதான், ஒரு வாய் தொடவில்லை.

"யாரு முதல்ல பேசினதுன்னு பின்னாடி சொல்லிக் காட்டாதே" என்றேன். "நான் பேசல. கத்தினேன். அது வேற."

"சரி."

"அப்புறம், எடை போடுற ஆளு உன்னை சூப்பர்வைசர் சார்ங்கிறாரு."

"போன வருஷத்துலேருந்து நிஜமாவே சூப்பர்வைசர்தான். கட்டிங்கும் நான்தான் பண்றேன், ஆள் இல்ல. உனக்குத்தான் தெரியாது." டிபன் பாக்ஸை மூடியபடி, "சொல்றதுக்கு யாரு இருந்தா?" என்றான்.

நாத்தனார் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அவன் எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணா பூசினது?" என்றான். அவள் தலையைக் குனிந்தாள். அடி விழப் போகிற மாதிரி தோள் இரண்டும் மேலே ஏறியது. அப்படி நிற்க அவள் எங்கே பழகினாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் நான் கத்தியதெல்லாம் ஞாபகம் வந்தது.

"ரொம்ப நேரா பூசியிருக்கேம்மா" என்றான் அண்ணன். "கோணலா பூசியிருந்தா நான் இன்னிக்குப் போயிருப்பேன்." அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, அந்த எண்ணெய் டின்னில் உட்கார வைத்தேன். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு மூடியைத் திருகி, பாட்டிலை டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள்.

அண்ணன் தகட்டிலிருந்து காந்தத்தைப் பிடுங்க முயன்றான். சட்டென்று வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து எடுத்து, நூலைச் சுற்றி என்னிடம் கொடுத்தான். "ஞாயித்துக்கிழமை டிரில்லை எடுத்துட்டு நானே வர்றேன். உன் வீட்டுக்காரர் கை சரியாகட்டும், அதுவரைக்கும் நான் துளை போடுறேன்" என்றான். நான் போனை எடுத்து நீட்டினேன். அவனே அவன் நம்பரைப் போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தான். கயிறு கட்டிய குவியலையும் வண்டியில் கொண்டு வந்திருந்தான். ஒவ்வொரு குழாயிலும் இருந்த நேரான வெள்ளையைக் கறுப்பு பெயிண்டால் அழித்துவிட்டு, துளை போட்டுப் போட்டு என் பக்கம் தள்ளினான். நாத்தனார் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பிரஷை அலசி, பழக்கத்தில் முதல் குழாயை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். பிரஷைத் திருப்பிப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"வெள்ளை மட்டும் நீங்க பூசுங்க அண்ணி."

முக்கி ஒரு இழுப்பு இழுத்தேன். பாதி குழாயில், மீதி தரையில். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ம், இதுதான்" என்று அடுத்ததை எடுத்தான்.